ஹெச்டிடிபிஎஸ் எச்சரிக்கை வந்தால் எங்கே தொடங்குவது?

உங்கள் தளத்தைத் திறந்தால் பக்கம் வராமல் பாதுகாப்பு எச்சரிக்கை வருகிறது. பதறிப்போய்ப் பலரும் முதலில் செய்வது, இருக்கிற சான்றிதழை (தளம் உண்மையானது என்று பிரவுசருக்குக் காட்டும் கோப்பு) அழித்துவிட்டுப் புதிதாக ஒன்று வாங்குவது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். இலவசமாகச் சான்றிதழ் தரும் லெட்ஸ் என்க்ரிப்ட், அதே பெயர்ப் பட்டியலுக்கு வாரத்துக்கு 5 சான்றிதழ்தான் தரும். அதற்கு மேல் கேட்டால் மறுத்துவிடும். பழையதும் இல்லை, புதியதும் இல்லை என்று தளம் முடங்கிவிடும். கோளாறு எங்கே என்று தெரிந்துகொண்டு கைவைத்தால், பெரும்பாலும் ஒரு வரியை மாற்றினாலே சரியாகிவிடும்.

இங்கே பரவலாக இருக்கும் ஓர் அமைப்பை எடுத்துக்கொள்கிறேன்: உபுண்டு ஓடும் வாடகை சர்வர், அதில் பக்கங்களைக் கொடுக்கும் என்ஜின்எக்ஸ் மென்பொருள், செர்ட்பாட் என்ற கருவி வழியாக வாங்கிய லெட்ஸ் என்க்ரிப்ட் சான்றிதழ்.

படி 1: குறியீட்டைப் படியுங்கள்

எச்சரிக்கைப் பக்கத்தில் சின்ன எழுத்தில் ஒரு குறியீடு இருக்கும். பாதி விடை அதிலேயே இருக்கிறது. குரோமில் 'டேட் இன்வாலிட்' என்று முடிந்தால் தேதிச் சிக்கல். 'காமன் நேம் இன்வாலிட்' என்றால் பெயர்ச் சிக்கல். 'அதாரிட்டி இன்வாலிட்' என்றால், சான்றிதழைக் கொடுத்தவர் யார் என்று பிரவுசரால் உறுதிசெய்ய முடியவில்லை.

சான்றிதழைப் பற்றிய பேச்சே இல்லாமல் 'கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்ட்' அல்லது 'டைம்ட் அவுட்' என்று வந்தால் சான்றிதழைத் தொடவே வேண்டாம். 443-ஆம் போர்ட் (ஹெச்டிடிபிஎஸ் இணைப்பு வரும் வாயில்) திறந்திருக்கிறதா என்று பாருங்கள். சர்வருக்குள் ஃபயர்வாலைத் திறந்துவிட்டு, வாடகைக்குக் கொடுத்த நிறுவனத்தின் கன்ட்ரோல் பேனலில் தனியாக இருக்கும் ஃபயர்வாலை மறந்துவிடுவது அடிக்கடி நடக்கும். ஃபயர்ஃபாக்ஸில் 'ரெக்கார்ட் டூ லாங்' என்று வந்தால், 443-இல் உங்கள் சர்வர் மறையாக்கம் இல்லாத சாதாரண ஹெச்டிடிபி பேசிக்கொண்டிருக்கிறது என்று சந்தேகப்படுங்கள். என்ஜின்எக்ஸ் கோப்பில் 'லிசன் 443' வரியின் முடிவில் 'எஸ்எஸ்எல்' என்ற சொல் விட்டுப்போயிருக்கும்.

படி 2: பெயர்

பிரவுசரில் சான்றிதழைத் திறந்து, 'சப்ஜெக்ட் ஆல்டர்நேடிவ் நேம்' பகுதியைப் பாருங்கள். சான்றிதழ் எந்தெந்தப் பெயர்களுக்குச் செல்லும் என்ற பட்டியல் அது. 2017-இல் வந்த குரோம் 58 முதல் குரோம் அந்தப் பட்டியலைத்தான் பார்க்கிறது. பழைய 'காமன் நேம்' கணக்கில் வராது. முன்னால் டபிள்யூடபிள்யூடபிள்யூ இருக்கும் பெயரும் இல்லாத பெயரும் வேறு வேறு. இரண்டும் பட்டியலில் இருக்க வேண்டும். நட்சத்திரக் குறி போட்ட சான்றிதழ், டொமைனுக்கு முன்னால் வரும் ஒரு நிலைக்கு மட்டுமே பொருந்தும். வெறும் டொமைனுக்கும் அது பொருந்தாது. டொமைன் பெயரே தமிழில் இருந்தால், சான்றிதழில் அது 'எக்ஸ்என்' என்று தொடங்கும் மாற்று வடிவில் இருக்கும். அது பிழை இல்லை.

சம்பந்தமே இல்லாத தளத்தின் பெயர் தெரிகிறதா? ஒன்று, உங்கள் பெயருக்கான பிளாக் (ஒரு தளத்துக்கான அமைப்புப் பகுதி) என்ஜின்எக்ஸில் இல்லாததால் அது வேறு பிளாக்கைக் கொடுக்கிறது. இல்லையென்றால், டிஎன்எஸ் (டொமைன் பெயர் எந்த சர்வர் முகவரிக்குப் போகும் என்று சொல்லும் பதிவு) இன்னும் பழைய சர்வரைக் காட்டுகிறது. ஐபிவி4 முகவரியை மாற்றிவிட்டு ஐபிவி6 பதிவை அப்படியே விட்டிருந்தால், சிலருக்கு மட்டும் இந்தக் கோளாறு வரும்.

படி 3: தேதி

முதலில் பார்ப்பவரின் கணினியில் தேதி சரியா என்று பாருங்கள். அப்புறம் சர்வரில் 'செர்ட்பாட் சர்டிஃபிகேட்ஸ்' கட்டளை கொடுத்து, அது காட்டும் முடிவுத் தேதியை பிரவுசர் காட்டும் தேதியோடு ஒப்பிடுங்கள். சர்வரில் புதிய தேதி, பிரவுசரில் பழைய தேதி என்றால் புதுப்பிப்பு ஒழுங்காக நடந்திருக்கிறது. என்ஜின்எக்ஸ்தான் நினைவகத்தில் இருக்கும் பழையதையே கொடுத்துக்கொண்டிருக்கிறது. ஒரு ரீலோட் (என்ஜின்எக்ஸைக் கோப்புகளை மறுபடி படிக்கவைப்பது) போதும். இது மறுபடி வராமலிருக்க, புதுப்பித்ததும் ஒரு கட்டளையைத் தானே ஓட்டும் செர்ட்பாட்டின் 'டிப்ளாய் ஹூக்' வசதியில் அந்த ரீலோட் கட்டளையை எழுதிவையுங்கள்.

படி 4: சங்கிலி

ஆட்களை அதிகம் அலையவைப்பது இதுதான். 'என் லேப்டாப்பில் வருகிறது, போனில் வரவில்லை' என்று கேட்டாலே நான் முதலில் இங்கேதான் பார்ப்பேன்.

பிரவுசருக்கு ரூட் எனப்படும் தலைமைச் சான்றிதழ் நிறுவனங்களை மட்டும்தான் தெரியும். உங்கள் சான்றிதழில் கையெழுத்திட்டதோ நடுவில் இருக்கும் இன்டர்மீடியட் என்ற இடைநிலைச் சான்றிதழ். இந்த வரிசைதான் சங்கிலி. இன்டர்மீடியட்டையும் சேர்த்து அனுப்புவது உங்கள் சர்வரின் வேலை. அனுப்பாவிட்டால், கணினியில் ஓடும் குரோம் விடுபட்டதைத் தானே தேடி எடுத்துக்கொள்ளும். ஃபயர்ஃபாக்ஸ் முன்கூட்டியே இன்டர்மீடியட்களின் சேமிப்பு ஒன்றை வைத்திருக்கும். கர்ல் (கட்டளை கொடுத்துத் தளத்தை அழைக்கும் கருவி), பைத்தான் நிரல்கள், பல ஆண்ட்ராய்டு செயலிகள் அப்படிச் செய்வதில்லை, இணைப்பை முறித்துவிடும். அதனால் உங்கள் பிரவுசரில் பக்கம் வருவதை வைத்து எல்லாம் சரி என்று முடிவுகட்ட வேண்டாம்.

சோதிக்க, 'ஓப்பன்எஸ்எஸ்எல் எஸ்_கிளையன்ட்' கட்டளையில் 'கனெக்ட்' என்பதற்கு டொமைனும் 443-உம், 'சர்வர்நேம்' என்பதற்கு டொமைனும் கொடுங்கள். சர்வர்நேமை விட்டால் வேறு தளத்தின் சான்றிதழ் வந்து குழப்பக்கூடும். விடையில் 0, 1 என்று எண் போட்டு வரிசையாக வரும். ஒவ்வொன்றிலும் 'எஸ்' என்ற வரி யாருடைய சான்றிதழ் என்றும், 'ஐ' என்ற வரி யார் கொடுத்தது என்றும் சொல்லும். 0-இன் 'ஐ' வரியில் இருக்கும் பெயர்தான் 1-இன் 'எஸ்' வரியில் வர வேண்டும். 0 மட்டும் வந்து, கீழே 'வெரிஃபை ரிட்டர்ன் கோட் 21' என்று இருந்தால் இன்டர்மீடியட் விட்டுப்போயிருக்கிறது.

தீர்வு எளிது. என்ஜின்எக்ஸ் கோப்பில் 'எஸ்எஸ்எல் சர்டிஃபிகேட்' வரி 'செர்ட்' என்ற கோப்பைக் காட்டிக்கொண்டிருக்கும். அதை அதே ஃபோல்டரில் உள்ள 'ஃபுல்செயின்' கோப்புக்கு மாற்றுங்கள். 'என்ஜின்எக்ஸ்' கட்டளையை 'டி' சேர்த்து ஓட்டிப் பாருங்கள். பிழை இல்லையென்றால் ரீலோட் செய்யுங்கள். 'கீ வேல்யூஸ் மிஸ்மேட்ச்' என்று வந்தால், சான்றிதழும் அதோடு வரும் ரகசியச் சாவியும் ஒரே ஜோடி அல்ல.

சங்கிலி சரியாக இருந்தும் மிகப் பழைய கருவிகளில் மட்டும் வராமல் போகலாம். 2021 செப்டம்பர் 30 அன்று 'டிஎஸ்டி ரூட் சிஏ எக்ஸ்3' என்ற ரூட் காலாவதியானபோது, ஒழுங்காக இருந்த பல தளங்கள் பழைய ஓப்பன்எஸ்எஸ்எல் 1.0.2 வைத்திருந்த கணினிகளில் திறக்கவில்லை. அங்கே சரிசெய்ய வேண்டியது பயனரின் கருவியை, உங்கள் சர்வரை அல்ல.

இந்தக் கட்டத்தில் இணையத்தில் தேடினால், சரிபார்ப்பையே அணைத்துவிடச் சொல்லும் அறிவுரை கிடைக்கும்: கர்லில் 'கே', பைத்தானில் 'வெரிஃபை ஃபால்ஸ்'. அதைச் செய்தால் நடுவில் உட்கார்ந்து ஒட்டுக்கேட்பவரையும் உங்கள் நிரல் நம்பிவிடும். பயனரின் கடவுச்சொல் போகும் வழியில் அதை ஒருபோதும் வைக்காதீர்கள். அதேபோல, உதவி கேட்கும்போது சான்றிதழை யாருக்கும் காட்டலாம். ரகசியச் சாவி இருக்கும் 'பிரைவ்கீ' கோப்பை யாரிடமும் காட்டக் கூடாது.

படி 5: அடுத்த புதுப்பிப்பைச் சோதியுங்கள்

'செர்ட்பாட் ரினியூ' கட்டளையை 'டிரை-ரன்' சேர்த்து ஓட்டுங்கள். இது சோதனைச் சர்வரில் நடப்பதால் வாரத்துக்கு 5 என்ற கணக்கில் சேராது. தோற்றால், 80-ஆம் போர்ட்டை யாராவது மூடிவிட்டார்களா என்று முதலில் பாருங்கள். டொமைன் உங்களுடையதா என்று பார்க்கும் ஹெச்டிடிபி வழிச் சரிபார்ப்பு அங்கேதான் வருகிறது.

காலாவதியை நினைவூட்டும் மின்னஞ்சலை லெட்ஸ் என்க்ரிப்ட் 2025 ஜூனில் நிறுத்திவிட்டது. பொதுச் சான்றிதழ்களின் உச்ச ஆயுளும் படிப்படியாகக் குறைந்து, 2029 மார்ச் 15 முதல் 47 நாள்தான். அதனால் முடிவுத் தேதியைத் தினமும் பார்த்து, 15 நாளுக்குக் கீழே போனால் உங்களுக்குச் செய்தி அனுப்பும் ஒரு சின்ன நிரலை இன்றைக்கே கிரானில் (குறித்த நேரத்தில் நிரலைத் தானே ஓட்டும் வசதி) போட்டுவிடுங்கள். அது வேறொரு கணினியில் ஓடட்டும்.