ஸ்டெயின் ஒரு இடத்தில் மட்டும் ஏற மறுத்தால்

நான் செய்த முதல் பைன் அலமாரியின் மூட்டுக்குப் பக்கத்தில், கட்டைவிரல் அகலத்துக்கு வெளிறிய தழும்பு ஒன்று இன்னும் இருக்கிறது. அங்கே ஸ்டெயின், அதாவது மரத்துக்குள் இறங்கி நிறமேற்றும் பூச்சு, ஏறவில்லை. மறுபடி பூசினேன், சுற்றியிருந்த மரம் கறுத்து, தழும்பு இன்னும் எடுப்பாகத் தெரிந்தது.

மூட்டில் பிதுங்கிய பசையை ஈரத்துணியால் துடைத்ததுதான் வினை. துடைத்ததாக நினைத்துக்கொண்டு, அதைக் கரைத்து இழைகளுக்குள் தேய்த்திருக்கிறேன். இப்போது ஈரப் பசையைத் தொடுவதே இல்லை. அரை மணி நேரம் கழித்து, ரப்பர் பதத்துக்கு வந்ததும் உளியால் சீவிவிடுகிறேன்.

அடுத்தது உப்புத்தாள். 120, 150, 180 எண் தாள்கள் (எண் கூடக் கூடத் தாள் நைசாகும்) என்று வரிசையாக, மர ரேகை ஓடும் திசையிலேயே தேய்க்கவும். பலகையைக் குறுக்கே அறுத்த வெட்டுமுனையை மட்டும் 220 வரை கொண்டுபோங்கள். இல்லாவிட்டால் அது ஸ்டெயினை உறிஞ்சிக் கறுத்துவிடும்.

தூசியைத் துடைத்தபின், காற்றோட்டமான இடத்தில், டர்பன்டைன் தோய்த்த துணியைப் பலகை முழுவதும் ஒருமுறை ஓட்டுங்கள். ஈரம் நிற்கும் ஓரிரு நிமிடத்தில் பசை படிந்த இடங்கள் வெளிறிக் காட்டிக்கொடுக்கும். சுரண்டி, மறுபடி தேய்த்து, நன்றாகக் காயவிடவும். இந்தச் சோதனையை நான் எப்போதும் தவிர்ப்பதில்லை.

பைன் மரத்துக்கு என் தேர்வு ஜெல் ஸ்டெயின்தான். கெட்டியாக இருப்பதால் ஆழமாக இறங்காது, திட்டும் குறையும். பூச, பிரஷ்ஷைவிடப் பழைய பனியன் துணியே நல்லது. டப்பாவை அடிவரை கிளறிப் பூசி, சில நிமிடங்களில் மிச்சத்தைத் துடைத்துவிடவும். மேலே தங்கவிட்டால் நாள்கணக்கில் பிசுபிசுக்கும். முழுதாகக் காய்ந்தபின் வார்னிஷ்: மெல்லியதாக மூன்று பூச்சு, இடையிடையே 320 தாளால் லேசான தேய்ப்பு.

பெயிண்ட் அடிப்பவர்களுக்கு இந்தத் தழும்புத் தொல்லை இல்லை. அவர்கள் பார்க்க வேண்டியது கணுக்களை. பைன் கணுவின் பிசின் வெள்ளைப் பெயிண்டைத் தாண்டி மஞ்சளாகக் கசியும். ஷெல்லாக் (அரக்கு) கலந்த பிரைமரை, அதாவது அடிப்பூச்சை, முதலில் அடியுங்கள்.

பிற்சேர்க்கை: ஸ்டெயினைத் துடைத்த துணியைச் சுருட்டிக் குப்பையில் போட்டதும் அது சூடாகி நாற்றமடித்ததாக ஒரு வாசகர் எழுதியிருந்தார். நல்ல வேளை, தீப்பிடிக்கவில்லை. எண்ணெய் ஸ்டெயின் காயும்போது வெப்பம் வரும்; சுருட்டிய துணிக்குள் அது வெளியேற வழியில்லாமல் துணி தானாகவே பற்றிக்கொள்ளக்கூடும். வெளியே ஒவ்வொன்றாக விரித்துப் போடுங்கள். விறைப்பாகக் காய்ந்த பிறகே குப்பைக்கு.