குப்பையால் யாருக்கு ஆபத்து? வவுனியா நகருக்கு ஒரு வரைபடம் வரையும் முறை

குப்பை கிடக்கும் இடங்களைக் குறித்த வரைபடமும், அக்குப்பையால் பாதிக்கப்படக்கூடிய மக்களைக் காட்டும் வரைபடமும் ஒன்றல்ல. 2017 ஏப்ரல் 14 அன்று கொழும்பு மீதொட்டமுல்லையில் குப்பைமேடு சரிந்து முப்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தமைக்கு, மேட்டின் உயரத்தோடு அதன் அடிவாரத்தில் வீடுகள் நெருங்கியிருந்தமையும் காரணமாகும். வவுனியா போன்ற வன்னி நகரங்களிலோ ஆபத்து பெரும்பாலும் வாய்க்கால், கிணற்று நீர், நுளம்பு, எரிக்கும் புகை ஆகியவற்றின் வழியாகவே வீடு வந்து சேர்கிறது.

முதலில் கியூஜிஐஎஸ் (QGIS) என்னும் இலவச வரைபட மென்பொருளைக் கணினியில் நிறுவி, கிராம அலுவலர் பிரிவுகளின் எல்லைகளை அதில் ஏற்றுங்கள். தூரங்களை மீற்றரில் அளப்பதற்காக, ஆள்கூற்று முறையாக யூடிஎம் 44 வடக்கைத் (UTM zone 44N) தெரிவுசெய்யுங்கள்.

அடுத்து, கைத்தொலைபேசியின் ஜிபிஎஸ் உதவியுடன் குப்பை சேரும் இடங்களைப் பதிவுசெய்யுங்கள். ஒவ்வோர் இடத்திலும் குப்பையின் வகை, பரப்பு, எரிக்கப்படுகிறதா, நீர் தேங்குகிறதா என்பவற்றைக் குறித்து, ஆபத்துக்கு 1 முதல் 5 வரை புள்ளியிடலாம். ஆடி, ஆவணிக் கோடையில் வெறும் பொலித்தீன் குவியலாகத் தெரிவது, மாரியில் டெங்கு நுளம்பு பெருகும் இடமாக மாறிவிடும் என்பதால், இரு பருவங்களிலும் இதனைச் செய்வது அவசியம்.

மூன்றாவது படியில்தான் பலர் வழி தவறுகின்றனர். ஒவ்வொரு புள்ளியையும் சுற்றி 200 மீற்றர் வட்டமிடுவது, புகைக்கும் இலையான் தொல்லைக்கும் ஓரளவு பொருந்தும், நீருக்குப் பொருந்தாது. வன்னியின் குளங்கள் பல ஒன்றோடொன்று தொடர்புடையவை. மேற்குளம் நிரம்பி வான் பாய்ந்தால் அந்நீர் வாய்க்கால் வழியே கீழ்க்குளத்தை அடையும். எனவே குப்பைக்கு மேற்பக்கம் நூறு மீற்றரில் உள்ள கிணற்றைவிட, கீழ்ப்பக்கம் அரைக் கிலோமீற்றரில் உள்ள கிணறு கூடுதல் ஆபத்துக்கு உள்ளாகலாம். ஓபன்ஸ்ட்ரீட்மப் (OpenStreetMap) என்னும் இலவச இணைய வரைபடத்திலிருந்து குளங்களையும் வாய்க்கால்களையும் எடுத்து, நீரோட்டத்தின் திசையை அம்புக்குறியால் காட்டுங்கள். இலவசமாகக் கிடைக்கும் செய்மதி உயரத் தரவில் ஒரு கட்டம் ஏறத்தாழ 30 மீற்றர் அகலமானது. தட்டையான இந்நிலத்தின் சிறு சரிவுகளை அது சரியாகக் காட்டாது. எந்தக் குளத்து வான் எந்தப் பக்கம் பாயும் என்பதை அங்கு வயல் செய்பவரிடம் கேட்டறிவதே, என் கணிப்பில், நம்பகமானது.

பின்னர் மக்களின் பாதிப்புறும் தன்மைக்கு வாருங்கள்: ஐந்து வயதுக்குட்பட்டோர், முதியோர், திறந்த கிணற்றை நம்பியுள்ள குடும்பங்கள், தற்காலிக வீடுகள், குப்பை ஏற்றும் உழவு இயந்திரம் செல்லாத ஒழுங்கைகள். இவற்றை ஒவ்வொரு பிரிவுக்கும் விழுக்காடுகளாக மாற்றி, ஒவ்வொன்றிலிருந்தும் மிகச்சிறிய பெறுமானத்தைக் கழித்து, மிகப்பெரியதற்கும் சிறியதற்கும் உள்ள வேறுபாட்டால் வகுத்தால், எல்லாம் 0 முதல் 1 வரையான அளவில் அமையும். இங்கு 0 என்பது ஏனைய பிரிவுகளோடு ஒப்பிடுகையில் மிகக் குறைவு என்பதையே குறிக்கும். பாதிப்பே இல்லை என்று பொருளல்ல. இவற்றின் சராசரியை எடுத்து, அதே முறையில் அளவாக்கிய, அந்தந்தப் பிரிவின் ஆபத்துப் புள்ளியால் பெருக்கி, ஐந்து நிறங்களில் காட்டுங்கள். ஓர் அளவில் வரும் 0, பெருக்கும்போது மற்ற அளவையும் விழுங்கிவிடாதிருக்க, பெருக்குமுன் இரு அளவுகளையும் 0.1 முதல் 1 வரை அமையுமாறு மாற்றிக்கொள்வது நல்லது.

கடும் நிறத்தில் வரும் பிரிவுகளுக்கும், வெளிர் நிறத்தில் வரும் ஓரிரு பிரிவுகளுக்கும், பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகருடன் நேரில் சென்று பாருங்கள். களத்தில் கண்டது வரைபடத்தோடு முரண்பட்டால், நிறத்தைக் கையால் மாற்றாமல், எந்தத் தரவு பிசகியது என்று தேடித் திருத்துங்கள். வெளியிடும் பிரதியில் தனி வீடுகளையும் கிணறுகளையும் காட்டாமல் பிரிவு மட்டத்திலேயே நிறுத்தி, தரவு திரட்டிய மாதத்தை ஓரத்தில் குறிப்பிடுங்கள்.