பிதுக்குப் பருப்பிலிருந்து விதையுறை படிக்கும் முறை

மார்கழியில் தருமபுரிப் பக்கம் பச்சை மொச்சை வந்துவிடும். பிதுக்குப் பருப்புக் குழம்புக்குக் காய் வாங்கும்போது ஒரு பிடியைத் தனியே எடுத்து வையுங்கள். காய்ந்த மொச்சையும் நூறு கிராம் வேண்டும். தாவரவியல் ஆசிரியையாக இருந்தவரை நான் இப்படித்தான் விதையுறையை, அதாவது விதையின் தோலைச் சொல்லிக்கொடுத்தேன்.

பிஞ்சு, நடுப்பருவம், முற்றல் என மூன்று காய்களைப் பிளந்து வரிசையாக வையுங்கள். ஒவ்வொரு விதையும் சின்னக் காம்பு ஒன்றால் காயின் ஓரத்தில் ஒட்டியிருக்கும். அதுதான் சூல்காம்பு. பிஞ்சு விதையை ஊசியால் குத்தினால் நீர்த்த கருவூண் (கருவுக்கான உணவு) வழியும். தோல் பெரிதாக இருக்கும், கருவைத்தான் தேடவேண்டும். முற்றிய விதையில் நீர் இருக்காது, பருப்பாக வளர்ந்த கரு தோலை முட்டிக்கொண்டு நிற்கும். தோல் முன்னால் வளர்ந்து இடம் பண்ணிவைக்கிறது, கரு பின்னால் வந்து நிரப்புகிறது.

"டீச்சர், தோல் அம்மாவோடதா, பிள்ளையோடதா?" என்று ஒரு மாணவி கேட்டாள். இந்தப் பாடத்தில் எனக்குப் பிடித்த இடமே அதுதான். தோல் முழுக்க அம்மாவுடையது. பூவில், பின்னால் விதையாகும் சூலைச் சுற்றி இரண்டு உறைகள் உண்டு. பயறு வகைகளில் உள்ளுறை பெரும்பாலும் நசுங்கி மறைந்துவிடும், வெளியுறையே தோலாகிறது. வெள்ளை மொச்சைப் பூவில் கருப்பு மொச்சையின் மகரந்தத்தை வைத்தாலும் அந்தக் காயின் விதைக்கு வெள்ளைத் தோல்தான். இன்னொன்றும் சொல்லவேண்டும். செடியிலிருந்து சர்க்கரை கொண்டுவரும் குழாய்கள் தோலோடு நின்றுவிடுகின்றன, கருவுக்குள் ஒன்றுகூடப் போவதில்லை. தோல் கசியவிடுகிறது, கரு உறிஞ்சிக்கொள்கிறது.

இனி காய்ந்த மொச்சை. ஓரத்தில் தெரியும் வெள்ளைக் கோடு சூல்காம்பிலிருந்து வளர்ந்தது, அதன் அடியில் விதைத்தழும்பு, அதாவது காம்பு ஒட்டியிருந்த வடு. இரவு ஊறவைத்த விதையைத் துடைத்து மெல்ல அழுத்துங்கள். கோட்டின் ஒரு முனையில் நீர் முத்துப்போல் துளிர்க்கும். அது சூல்துளை, தோலில் உள்ள சின்னத் துளை. முளைவேரும் அந்தப் பக்கம்தான்.

பள்ளி நுண்ணோக்கி கிடைத்தால், இரண்டு மணிநேரம் ஊறிய தோலைக் கேரட் துண்டின் நடுவே செருகி, புது பிளேடால் மெல்லியதாகச் சீவுங்கள். ஒரு சொட்டு சாஃப்ரனின் சாயம் போதும். மேலே வேலிக்கால்போல் நெருக்கமாக நிற்பவை மேக்ரோஸ்கிளிரைடுகள் என்ற தடித்த சுவர் செல்கள். அவற்றுக்குக் கீழே உடுக்கை வடிவில் ஆஸ்டியோஸ்கிளிரைடுகள், இடையிடையே காற்றறைகள். அதற்கும் கீழே பஞ்சுபோன்ற திசு. தழும்பின் குறுக்கே சீவினால் வேலி இரட்டை வரிசையாகத் தெரியும்.

கடைசியாக, தண்ணீர் எந்த வழியாக நுழைகிறது என்று பாருங்கள். பத்துப் பத்து விதைகளாக மூன்று டம்ளர். முதலாவதில் அப்படியே. இரண்டாவதில் வெள்ளைக் கோடு முழுவதும் நெயில் பாலிஷ் பூசிக் காயவைத்தவை (சமையலுக்கு எடுக்காதீர்கள்). மூன்றாவதில் கோட்டுக்கு எதிர்ப்புறம் நகவெட்டியால் துளி தோல் எடுத்தவை. கோட்டுப் பக்கம் வெட்டினால் முளைவேர் போய்விடும், கவனம். மணிக்கொரு தடவை பார்த்துச் சுருக்கம் எங்கே தொடங்குகிறது என்று எழுதுங்கள். பாலிஷ் போட்டும் வேகமாக ஊறினால் தோலில் வேறெங்கோ விரிசல் இருக்கலாம்.

முதல் டம்ளரில் ஒன்றிரண்டு மறுநாளும் கல்லாகக் கிடக்கலாம். தழும்பின் நடுவே ஒரு பிளவு உண்டு. க்ளோவர், லூபின் என்ற பயறுக் குடும்பச் செடிகளின் விதைகளில் அது வறண்ட காற்றில் திறந்து ஈரக் காற்றில் மூடிக்கொள்கிறது என்று நியூசிலாந்து ஆய்வாளர் ஹைட் 1954இல் காட்டினார். உள்ளிருக்கும் ஈரம் வெளியே போகும், வெளி ஈரம் உள்ளே வராது. விதை காயக் காயத் தோல் இறுகிவிடும். அந்தக் கல் விதைகளை எறியாதீர்கள். முதுகில் ஒரு வெட்டுக் கொடுத்து மறுபடி ஊறப்போட்டு, ஈரத்துணியில் முடிந்து வையுங்கள்.