பிரிட்டனில் மாணவர் தள்ளுபடி: விளம்பரம் சொல்லாத பெரிய மிச்சங்கள்

நான் படிக்க வந்து ஆறாவது வாரம், வாசலில் கிடந்த கடிதங்களுக்கு நடுவே கவுன்சில் வரி பில் ஒன்று கிடந்தது. ஆண்டுக்கு 1,500 பவுண்டுக்கு மேல். எந்தத் தொகையைக் கண்டாலும் நூறால் பெருக்கி ரூபாயாக்கிப் பார்க்கும் பழக்கம் அப்போது விட்டிருக்கவில்லை. ஒன்றரை லட்சம் என்று கணக்கு வந்ததும் சமைத்த சாம்பார் தொண்டையில் இறங்கவில்லை. வீட்டில் இருந்த மூவரும் முழுநேர மாணவர்கள். முதல் தவணையை மூன்றாகப் பிரித்துக் கட்டியும் விட்டோம். அடுத்த சனிக்கிழமை லண்டனின் ஈஸ்ட் ஹாமில் அரிசி வாங்கப் போனபோது கடைக்கார யாழ்ப்பாணத்து அண்ணரிடம் இதைச் சொல்லிப் புலம்பினேன். அவர் தராசை நிறுத்திவிட்டுக் கேட்டார்: "தம்பி, மூன்று பேரும் மாணவர்கள்தானே? பிறகு எதற்கு நீங்கள் அதைக் கட்டினீர்கள்?"

கட்டிய பணம் பிறகு திரும்பி வந்தது. ஆனால் ஒரு விஷயம் அன்று உறைத்தது. மாணவர் தள்ளுபடி என்றதும் நாம் தேடுவது சட்டைக்கும் பீட்சாவுக்கும் கிடைக்கும் 10 சதவீதத்தை. பெரிய தொகை மிச்சமாகும் இடங்களுக்கு யாரும் விளம்பரம் செய்வதில்லை. நாமே போய்க் கேட்க வேண்டும், படிவம் நிரப்ப வேண்டும். அதனால் பெரியதிலிருந்தே தொடங்குகிறேன்.

கவுன்சில் வரி என்பது உள்ளாட்சி மன்றமான கவுன்சில் வசூலிப்பது, நம் ஊர் வீட்டு வரி போன்றது. ஆனால் இங்கே பெரும்பாலும் வீட்டு உரிமையாளர் அல்ல, குடியிருப்பவரே கட்டுகிறார். ஒரு வீட்டில் இருக்கும் பெரியவர்கள் எல்லோரும் முழுநேர மாணவர்கள் என்றால் அந்த வீட்டுக்கு முழு விலக்கு உண்டு. படிப்பு குறைந்தது ஓராண்டு நீள வேண்டும், ஆண்டுக்கு 24 வாரமாவது நடக்க வேண்டும், வாரத்துக்குச் சராசரியாக 21 மணி நேரப் படிப்பு இருக்க வேண்டும். வகுப்பறையில் உட்கார்ந்திருக்கும் நேரம் மட்டுமல்ல, சொந்தமாகப் படிப்பதும் இதில் அடங்கும். வழக்கமான முதுகலைப் படிப்புகள் இந்த அளவைத் தாண்டிவிடும். பல்கலைக்கழகத்தில் மாணவர் சான்றுக் கடிதம் வாங்கி, கவுன்சிலின் இணையதளத்தில் விலக்குக்கு விண்ணப்பியுங்கள். தானாக நடக்கும் என்று காத்திருக்க வேண்டாம். சில பல்கலைக்கழகங்கள் பெயர்ப் பட்டியலை அனுப்பினாலும், உங்கள் வீட்டு முகவரி அதில் சரியாக இருக்கிறதா என்று யாருக்குத் தெரியும்?

சிக்கல் வருவது கலப்பு வீடுகளில்தான். நான்கு பேரில் ஒருவர் படிப்பு முடிந்து வேலைக்குப் போகத் தொடங்கிவிட்டால் முழு விலக்கு போய்விடும். பில்லில் 25 சதவீதம் மட்டும் குறையும். மீதி 75 சதவீதத்தைக் கட்ட வேண்டியவர் வேலை பார்க்கும் அந்த ஒருவர்தான், மாணவர்கள் அல்ல. இதை வீட்டுக்குள் வருவதற்கு முன்பே பேசிக்கொள்ளுங்கள். பில் வந்த பிறகு பேசினால் நட்பு கெடும். வேலை பார்ப்பவர் இருவர் ஆகிவிட்டால் அந்தக் குறைப்பும் கிடையாது.

விசா பற்றிய ஓர் எச்சரிக்கையும் உண்டு. குறைந்த வருமானம் உள்ளவர்களுக்குக் கவுன்சில் வரிக் குறைப்பு என்று ஒரு தனி உதவி இருக்கிறது. அது அரசு நலநிதி. மாணவர் விசாவில் இருப்பவர் அதற்கு விண்ணப்பிக்கவே கூடாது. மாணவர் விலக்கு அதில் சேராது, தாராளமாகக் கேட்கலாம். இரண்டுக்கும் படிவம் ஒரே இணையதளத்தில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் என்பதால் நிதானமாகப் படித்து நிரப்புங்கள். மனைவியோ கணவரோ உங்களைச் சார்ந்த விசாவில் வந்திருந்தால், அந்த விசா அரசு நலநிதியைத் தடுக்கிறது என்பதைக் காட்டி அவரையும் கணக்கில் சேர்க்காமல் இருக்கும்படி கேட்க வழி உண்டு. பலருக்கு இது தெரிவதில்லை. வட அயர்லாந்துக்குப் போகிறவர்களுக்கு இந்தக் கதை பொருந்தாது. அங்கே இந்த வரியே இல்லை, ரேட்ஸ் என்று வேறு முறை இருக்கிறது.

அடுத்த பெரிய மிச்சம் ரயிலில். 16-25 ரயில்கார்டு என்ற தள்ளுபடி அட்டை 2025 மார்ச்சிலிருந்து 35 பவுண்டு, மூன்று ஆண்டு அட்டை 80 பவுண்டு. பெரும்பாலான ரயில் டிக்கெட்டுகளில் மூன்றில் ஒரு பங்கு குறையும். ஆண்டுக்கு 105 பவுண்டுக்கு மேல் ரயிலில் செலவழிப்பவருக்குப் போட்ட பணம் திரும்பிவிடும். மான்செஸ்டரில் இருக்கும் நண்பனைப் பார்க்க இரண்டு முறை போய் வந்தாலே பாதி மீண்டுவிடும். நம்மவர்களில் பலர் ஊரில் சில ஆண்டு வேலை பார்த்துவிட்டு 27, 28 வயதில் முதுகலைக்கு வருகிறார்கள். பெயரில் 25 என்று இருப்பதைப் பார்த்து, நமக்கில்லை என்று விட்டுவிடுகிறார்கள். 26 வயதுக்கு மேற்பட்ட முழுநேர மாணவருக்கும் அதே அட்டை உண்டு. பல்கலைக்கழகத்தின் சான்று வேண்டும், ஓராண்டு அட்டை மட்டுமே கிடைக்கும், அவ்வளவுதான்.

லண்டனில் இருப்பவர்களுக்கு இந்த அட்டையின் அருமை இன்னும் அதிகம். இங்கே வந்ததும் எல்லோரும் வங்கி அட்டையையோ போனையோ தட்டி ரயிலில் ஏறப் பழகிவிடுகிறோம். அப்படித் தட்டினால் முழுக் கட்டணம்தான். பணம் ஏற்றித் தட்டிப் பயணிக்கும் லண்டன் போக்குவரத்து அட்டையான ஆய்ஸ்டர் கார்டை வாங்கி, பாதாள ரயில் நிலையத்தில் இருக்கும் ஊழியரிடம் ரயில்கார்டைக் காட்டி, இரண்டையும் இணைத்துத் தரும்படி கேளுங்கள். இரண்டு நிமிட வேலை. அதன்பிறகு நெரிசல் இல்லாத நேரங்களில் கட்டணம் மூன்றில் ஒரு பங்கு குறையும், அந்த நேரப் பயணங்களுக்கு ஒரு நாளில் பிடிக்கும் அதிகபட்சத் தொகையும் குறையும். நெரிசல் நேரம் என்பது வார நாட்களில் காலை 6.30 முதல் 9.30 வரையும் மாலை 4 முதல் 7 வரையும். ரயில்கார்டைப் புதுப்பிக்கும் ஒவ்வொரு முறையும் திரும்பப் போய் இணைக்க வேண்டும். நான் மறந்துபோய் இரண்டு மாதம் முழுக் கட்டணம் கொடுத்திருக்கிறேன்.

18 வயதுக்கு மேற்பட்டோருக்கான மாணவர் ஆய்ஸ்டர் என்று இன்னொன்று இருக்கிறது. புகைப்படம் ஒட்டி வரும். அது தருவது வார, மாத, ஆண்டுச் சீட்டுகளில் 30 சதவீதக் குறைப்பு. அவ்வப்போது தட்டிப் போகும் பயணத்துக்கு அது தனியே எதையும் குறைக்காது. வாரத்தில் இரண்டு நாள் மட்டும் வகுப்புக்குப் போகிறவர் 30 சதவீதம் குறைகிறதே என்று மாதச் சீட்டு வாங்கினால் நட்டம். வகுப்பு நேர அட்டவணை கைக்கு வந்த பிறகு, பகுதி நேர வேலைக்குப் போகும் நாட்களையும் சேர்த்து, ஒரு தாளில் கணக்குப் போட்டுப் பாருங்கள். அந்த அட்டையிலேயே ரயில்கார்டையும் இணைத்துக்கொள்ள முடியும் என்பது கூடுதல் வசதி.

ரயில்கார்டில் ஒரு கண்ணியும் இருக்கிறது. திங்கள் முதல் வெள்ளி வரை காலை 4.30 முதல் 10 மணிக்குள் செய்யும் பயணங்களுக்குக் குறைந்தபட்சக் கட்டணம் என்று ஒரு விதி உண்டு, தள்ளுபடி போட்டாலும் விலை அதற்குக் கீழே இறங்காது. ஜூலை, ஆகஸ்ட் மாதங்களுக்கு மட்டும் அது இல்லை. 2024இல் ஓர் இளைஞர் இந்த விதியை அறியாமல், ரயில்கார்டு போட்டு வாங்கிய டிக்கெட்டில் காலையில் பயணம் செய்தார். அவர் குறைவாகக் கட்டியது 1 பவுண்டு 90 பென்ஸ்தான். ரயில் நிறுவனம் வழக்குத் தொடரப்போவதாக எச்சரித்தது. செய்தி பரவி எதிர்ப்பு கிளம்பிய பிறகே அதைக் கைவிட்டார்கள். நண்பனின் ரயில்கார்டைக் கடன் வாங்கிப் போவது இதைவிடப் பெரிய வம்பு. இங்கிலாந்து ரயில்களில் அபராதக் கட்டணம் 100 பவுண்டும் டிக்கெட் விலையும். 21 நாளுக்குள் கட்டினால் 50 பவுண்டும் டிக்கெட் விலையும். பணம் போவதுகூடப் பரவாயில்லை. நீதிமன்றம் வரை போனால் அடுத்த விசா விண்ணப்பத்தில் அதைச் சொல்ல வேண்டியிருக்கும்.

ஸ்காட்லாந்தில் படிக்கப் போகிறவர் 22 வயதுக்குக் கீழ் என்றால் அதிர்ஷ்டசாலி. 2022 ஜனவரி முதல் அங்கே வசிக்கும் 22 வயதுக்குட்பட்டோருக்குப் பஸ் பயணம் இலவசம். வெளிநாட்டு மாணவர்களுக்கும் உண்டு. அதற்கான அட்டைக்கு வந்த வாரமே விண்ணப்பித்துவிடுங்கள்.

இனி எல்லோரும் பேசும் தள்ளுபடிச் செயலிகள். யூனிடேஸ், ஸ்டூடன்ட் பீன்ஸ் இரண்டும் இலவசம். பல்கலைக்கழக மின்னஞ்சலைக் கொண்டு பதிவு செய்யலாம். பணம் கட்டி வாங்கும் தள்ளுபடி அட்டை எதற்கும் அவசரப்பட வேண்டாம். நீங்கள் உண்மையிலேயே போகும் கடை எத்தனை அதில் இருக்கிறது என்று பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். நான் முதல் குளிர்காலத்தில் 20 சதவீதத் தள்ளுபடி முடியப்போகிறது என்ற குறுஞ்செய்தியை நம்பி 90 பவுண்டுக்கு மேலங்கி வாங்கினேன். மூன்று மாதம் கழித்து, தர்மக் கடை ஒன்றில் அதைவிடக் கனமான மேலங்கி 12 பவுண்டுக்குத் தொங்கிக்கொண்டிருந்தது. தர்மக் கடை என்று நான் சொல்வது, நன்கொடையாக வந்த பழைய துணிகளையும் பாத்திரங்களையும் தொண்டு நிறுவனங்கள் விற்கும் கடைகளை. பணக்காரர்கள் வாழும் பகுதியில் இருக்கும் தர்மக் கடைக்குப் போவது தனிக் கலை.

அமேசான் பிரைமில் மாணவருக்கு ஆறு மாதம் இலவசம், பிறகு பாதி விலை. முடியும் தேதியைப் போனில் குறித்து வையுங்கள். மடிக்கணினி வாங்குவதென்றால் ஆப்பிள் உள்ளிட்ட நிறுவனங்களின் கல்வி விலையைப் பாருங்கள். வேர்டு, எக்செல் போன்றவற்றுக்குப் பணம் கட்டாதீர்கள். பல்கலைக்கழக மின்னஞ்சலிலேயே மைக்ரோசாப்ட் அலுவலக மென்பொருள் அநேகமாகச் சேர்ந்து வரும். பொறியியல் மாணவர்களுக்கு ஆட்டோகேட், கணினி மாணவர்களுக்கு கிட்ஹப்பின் மாணவர் தொகுப்பு இரண்டும் இலவசம். பாடப்புத்தகமும் அப்படித்தான். பேராசிரியர் தரும் பட்டியலை எடுத்துக்கொண்டு கடைக்கு ஓடாமல் நூலகத்துக்குப் போங்கள். மின்நூலாகவே பாதி இருக்கும். இல்லாததை வேறு பல்கலைக்கழகத்திலிருந்து வரவழைத்துத் தரும் ஏற்பாடும் உண்டு.

உணவுக்கு மாணவர் தள்ளுபடியைத் தேடாதீர்கள். இங்கே சூப்பர் மார்க்கெட்டுகளில் எல்லோருக்கும் உரிய இலவச உறுப்பினர் அட்டை அதைவிட அதிகம் தரும். டெஸ்கோவின் கிளப்கார்டு இல்லாதவர் பல பொருட்களுக்குக் கூடுதல் விலைதான் கொடுக்கிறார். மாலையில் விலை குறைத்து மஞ்சள் ஒட்டு ஒட்டிய ரொட்டியும் காய்கறியும் கிடைக்கும். அரிசி, பருப்பு, புளி, மிளகாய்த்தூள் மட்டும் ஈஸ்ட் ஹாம், டூட்டிங், வெம்பிளி போன்ற இடங்களில் இருக்கும் தமிழ்க் கடைகளில் மூட்டையாக வாங்கி, வீட்டில் பங்கு போட்டுக்கொள்ளுங்கள்.

கிரிக்கெட் பார்ப்பவர்களுக்கு ஒரு செய்தி. தொலைக்காட்சி உரிமம் 2025 ஏப்ரலில் ஆண்டுக்கு 174 பவுண்டு 50 பென்ஸாக இருந்தது. மாணவருக்குத் தள்ளுபடி இல்லை. எந்தத் தொலைக்காட்சி நிகழ்ச்சியையும் நேரலையாகப் பார்த்தாலும், பிபிசியின் இணையத் தளமான ஐபிளேயரில் எதைப் பார்த்தாலும் உரிமம் வேண்டும். போனில் பார்த்தாலும் அதே விதி. முடிந்துபோன ஆட்டத்தையும் படங்களையும் மற்ற தளங்களில் பிறகு பார்க்கிறவருக்கு வேண்டாம். வீட்டில் எல்லோரும் ஒரே வாடகை ஒப்பந்தத்தில் இருந்தால் பொதுவாக ஓர் உரிமம் போதும். தனித்தனி ஒப்பந்தம் என்றால் அறைக்கொன்று. பார்க்கவே மாட்டீர்கள் என்றால் தேவையில்லை என்று இணையத்தில் அறிவித்துவிடுங்கள். உரிமம் கேட்டு வரும் மிரட்டும் கடிதங்கள் குறையும்.

விசாவோடு ஆண்டுக்கு 776 பவுண்டு சுகாதாரக் கட்டணம் கட்டியாயிற்று, இனி மருந்தும் இலவசம் என்று நினைத்து வருகிறோம். ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்தில் அது உண்மை. இங்கிலாந்தில் மருத்துவர் எழுதித் தரும் ஒவ்வொரு மருந்துக்கும் 9 பவுண்டு 90 பென்ஸ். வருமானம் குறைந்தவர்கள் ஹெச்சி 1 என்ற படிவத்தை நிரப்பி அனுப்பினால் நிலைமையைப் பார்த்து ஹெச்சி 2 சான்றிதழ் தருவார்கள். அது இருந்தால் மருந்தும், தேசிய சுகாதார சேவையின் பல் சிகிச்சையும், கண் பரிசோதனையும் இலவசம். கண்ணாடி விலையிலும் உதவி உண்டு. மாணவர் விசாவுக்கு இது தடையல்ல. ஆஸ்துமாவுக்கோ தைராய்டுக்கோ மாதா மாதம் மருந்து எடுப்பவர்கள் இதைத் தள்ளிப்போட வேண்டாம்.

கடைசியாக, தள்ளுபடி என்ற பெயரில் வரும் பெரிய மோசடி ஒன்று. கல்விக் கட்டணத்தில் 10 சதவீதம் குறைத்துத் தருகிறேன் என்று வாட்ஸ்அப்பில் ஒருவர் வருவார். நம் மொழியிலேயே பேசுவார், நம்மூர்க்காரர் என்பார். அவர் உங்கள் கட்டணத்தைப் பல்கலைக்கழகத்தில் கட்டிவிட்டு ரசீதையும் காட்டுவார். அதைப் பார்த்து நீங்கள் அவருக்குப் பணம் அனுப்புவீர்கள். அவர் கட்டியது திருட்டு வங்கி அட்டையில். சில வாரத்தில் உண்மையான சொந்தக்காரர் புகார் செய்ததும் அந்தப் பணம் திரும்பப் போய்விடும். கட்டணம் அப்படியே நிற்கும், உங்கள் பணம் போயிருக்கும், விளக்கம் கேட்டுப் பல்கலைக்கழகம் உங்களைத்தான் அழைக்கும். கட்டணத்தில் குறைப்பு வேண்டுமானால் பல்கலைக்கழகத்தின் நிதி அலுவலகத்திடமே கேளுங்கள். முன்கூட்டியே முழுத் தொகையும் கட்டுபவருக்குச் சில இடங்களில் அவர்களே குறைத்துத் தருகிறார்கள்.

படிப்பு முடியும் நேரத்துக்கும் இரண்டு வேலைகள் வைத்திருங்கள். கவுன்சில் வரி விலக்கு பட்டமளிப்பு விழா வரை நீளாது. படிப்பு முடியும் தேதியோடு நின்றுவிடும். விழா டிசம்பரில், படிப்பு செப்டம்பரில் முடிகிறது என்றால் இடையில் உள்ள மாதங்களுக்குப் பில் வரும், அதற்குப் பணம் ஒதுக்கி வையுங்கள். 26 வயதாகப் போகிறது என்றால் பிறந்த நாளுக்கு முந்தைய நாள் ஓராண்டு ரயில்கார்டை வாங்கிவிடுங்கள். அடுத்த ஓராண்டும் அது செல்லும்.