கேரவனுக்குள் வீட்டு வழக்கம் வேண்டாம்

போன மழைக்காலத்தில் குடகுக்குப் போயிருந்தபோது, எங்கள் கேரவனில் ஃபிரிட்ஜ் இரவோடு இரவாக நின்றுபோனது. காலையில் பால் திரிந்திருந்தது. மாமியாரின் இன்சுலின் மருந்தை ஈரத்துணியில் சுற்றி வைத்துக்கொண்டு பெங்களூர் திரும்பினோம். பாட்டரி மீட்டர் 12.6 வோல்ட் காட்டிக்கொண்டுதான் இருந்தது. ஆனாலும் பாட்டரியைத்தான் சந்தேகப்பட்டோம். மூன்று வருடப் பழைய பாட்டரிக்குப் பக்கத்தில் புதியது ஒன்றை வாங்கி இணைத்தோம். அடுத்த பயணத்திலும் ஃபிரிட்ஜ் நின்றது.

அதன் பிறகுதான் அல்சூரில் வண்டிகளுக்கு மின்வேலை செய்யும் வேலூர்க்காரர் ஒருவரிடம் போனேன். "அண்ணே, பாட்டரி புதியதுதான்" என்று நான் தொடங்கியதுமே அவர் கையமர்த்தினார். "ஃபிரிட்ஜை ஓடவிடுங்கள் அம்மா. சும்மா இருக்கும்போது அளந்தால் எல்லாம் நன்றாகத்தான் தெரியும்." மல்டிமீட்டரை முதலில் பாட்டரி முனையில் வைத்தார்: 12.5. பிறகு ஃபிரிட்ஜின் முனையில் வைத்தார்: 11.1. சில நொடிகளில் ஃபிரிட்ஜ் தானாகவே அணைந்தது. வோல்ட் குறைந்தால் நின்றுவிடும்படி அதற்குள்ளேயே ஒரு பாதுகாப்பு இருக்கிறது. பாட்டரி கொடுத்ததில் 1.4 வோல்ட் வழியிலேயே தொலைந்துகொண்டிருந்தது.

எங்கே தொலைகிறது என்று அவர் தேடிய விதத்தை எல்லோரும் கற்றுக்கொள்ள வேண்டும். ஃபிரிட்ஜை மறுபடி ஓடவிட்டு, மீட்டரின் இரண்டு முனைகளையும் ஃபியூஸ் ஹோல்டரின் இரண்டு பக்கமும் வைத்தார். நல்ல இணைப்பாக இருந்தால் ஏறக்குறைய பூஜ்யம் காட்ட வேண்டும். காட்டியது 0.8 வோல்ட். ஹோல்டரைத் தொட்டுப் பார்த்தேன், சுட்டது. அதன் பிளாஸ்டிக் ஓரம் பழுப்பேறியிருந்தது. 8 ஆம்பியர் ஓடும் இடத்தில் 0.8 வோல்ட் விழுந்தால், 6 வாட்டுக்கு மேல் அந்தச் சின்ன இணைப்பிலேயே வெப்பமாகிறது என்று பொருள். மீதி 0.6 வோல்ட்டைத் தின்றது வயர். போக 5 மீட்டர், வர 5 மீட்டர், 2.5 சதுர மில்லிமீட்டர் வயர். வீட்டில் ஃபிரிட்ஜுக்கு அந்த வயர் தாராளமாகப் போதும் என்பதால், கேரவனைக் கட்டிக்கொடுத்தவர்களும் அதையே இழுத்துவிட்டார்கள். 6 சதுர மில்லிமீட்டராக மாற்றி, ஹோல்டரையும் மாற்றியதோடு பிரச்சினை தீர்ந்தது. புதிய பாட்டரிக்குத் தேவையே இருந்திருக்கவில்லை. அதைப் பழையதோடு சேர்த்துக் கட்டியதும் தவறு. பழையது தன் பலவீனத்துக்குப் புதியதையும் இழுத்துவிடும்.

கேரவன்களில் நான் பார்க்கும் தவறுகள் பெரும்பாலும் இந்த ஒரே இடத்திலிருந்துதான் வருகின்றன: வீட்டில் செய்வதை அப்படியே வண்டிக்குள்ளும் செய்வது. வீட்டில் 230 வோல்ட். அதில் அரை வோல்ட் போனால் யாருக்கும் தெரியாது. 12 வோல்ட்டில் அதே அரை வோல்ட் பெரிய இழப்பு. 1000 வாட் கெட்டிலுக்கு வீட்டில் 4 ஆம்பியர் சொச்சம் போதும். அதையே 12 வோல்ட் பாட்டரியிலிருந்து இன்வெர்ட்டர் வழியாக ஓட்டினால், இன்வெர்ட்டர் இழப்பையும் சேர்த்து 90 ஆம்பியரைத் தாண்டும். அதற்கு 35 சதுர மில்லிமீட்டர் செம்புக் கேபிள் வேண்டும். பாட்டரிக்கும் இன்வெர்ட்டருக்கும் இடையே தூரம் ஒன்றரை மீட்டருக்குள் இருப்பது நல்லது. கேபிளின் நுனியில் அலுமினிய லக் (கேபிளை முனையில் பொருத்தும் வளையம்) போடாதீர்கள். விலை குறைவு என்று கடைகளில் அதைத்தான் முதலில் எடுத்து நீட்டுவார்கள். செம்போடு சேர்ந்த அலுமினியம் ஈரத்தில் அரித்துப்போய், எங்கள் ஹோல்டரைப் போலவே சூடேறும். ஈயம் பூசிய செம்பு லக் வாங்கி, சரியான கருவியால் அழுத்தச் சொல்லுங்கள். சுத்தியலால் தட்டி நசுக்குவது அழுத்துவதாகாது.

ஃபியூஸ் எதற்காக என்பதிலும் குழப்பம் இருக்கிறது. அது காப்பாற்றுவது வயரை. ஆகவே வயர் தாங்கும் அளவுக்கு உட்பட்டதாக இருக்க வேண்டும். பாட்டரியின் பாசிட்டிவ் முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் இருக்க வேண்டும். பார்க்க வசதியாக இருக்கிறது என்று டேஷ்போர்டுக்குப் பக்கத்தில் ஃபியூஸை வைத்தால், பாட்டரியிலிருந்து அதுவரை வரும் வயருக்குப் பாதுகாப்பே கிடையாது. வீட்டு எம்சிபியை (கரண்ட் அளவு மீறினால் தானாக விழும் சுவிட்சை) 12 வோல்ட் பக்கத்தில் பொருத்துவதும் ஆபத்து. வீட்டுக்கு வரும் ஏசி மின்சாரம் நொடிக்கு 100 முறை பூஜ்யத்தைத் தொடுவதால் எம்சிபி திறக்கும்போது எழும் தீப்பொறி அணைந்துவிடும். பாட்டரி தரும் டிசியில் அப்படித் தொடாது, பொறி நீடிக்கும். டிசி என்று குறிப்பிட்டுத் தயாரித்ததையே கேட்டு வாங்குங்கள்.

லித்தியம் பாட்டரிக்கு மாறுபவர்கள் பெங்களூர் நெரிசலையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். ஈய-அமில பாட்டரியைப் பாதி வரைதான் செலவழிக்கலாம், லித்தியத்தை அதைவிட மிக அதிகமாகப் பயன்படுத்தலாம் என்பது உண்மைதான். ஆனால் லித்தியத்தின் உள்தடை மிகக் குறைவு. இன்ஜின் ஓடும்போது மின்சாரம் தயாரிக்கும் ஆல்டர்னேட்டரில் நேரடியாக இணைத்தால், கொடுக்கிற கரண்ட்டையெல்லாம் அது உறிஞ்சும். நெடுஞ்சாலையில் ஆல்டர்னேட்டரின் விசிறி வேகமாகச் சுற்றுவதால் ஓரளவு சமாளிக்கும். சில்க் போர்டு சந்திப்பில் முக்கால் மணி நேரம் ஊர்ந்துகொண்டிருந்தால் விசிறியும் மெதுவாகத்தான் சுற்றும், ஆல்டர்னேட்டர் வெந்துபோகும். இடையில் டிசி-டிசி சார்ஜர் ஒன்றை வைத்து கரண்ட்டுக்கு எல்லை கட்டுங்கள். ஆல்டர்னேட்டரின் வோல்ட்டைக் கம்ப்யூட்டரே ஏற்றி இறக்கும் வண்டிகளில் அந்தச் சார்ஜர் இல்லாவிட்டால் பாட்டரி முழுதாக நிறையவே நிறையாது.

சூரியப் பலகைக்கு ஒன்றே ஒன்று: தூங்குமூஞ்சி மரத்தடியில் வண்டியை நிறுத்திவிட்டுப் பலகையைக் குறை சொல்லாதீர்கள். ஒரு கிளையின் நிழல் பலகையின் சிறு பகுதியில் விழுந்தாலும் உற்பத்தி வெகுவாகச் சரியும்.

உயிருக்கு ஆபத்தான தவறு ஒன்று உண்டு. வீட்டு வாசலில் நிறுத்தி, 230 வோல்ட்டை இரண்டு கம்பி எக்ஸ்டென்ஷன் வழியாகக் கேரவனுக்குக் கொடுப்பது. எர்த் கம்பி இல்லை என்றால், உள்ளே எங்கேயாவது கசியும் மின்சாரம் வண்டியின் உடம்பு முழுவதும் ஏறி நிற்கும். ரப்பர் டயர் அதைத் தரைக்கு விடாது. மழையில் வெறுங்காலோடு இறங்கும் குழந்தை கதவுக் கைப்பிடியைப் பிடிக்கும்போது, அதன் உடல் வழியாகத்தான் அந்த மின்சாரம் தரைக்கு இறங்கும். மூன்று கம்பி கேபிள், சேசிஸோடு (வண்டியின் அடிச்சட்டத்தோடு) இணைத்த எர்த், மின்கசிவைக் கண்டதும் மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி ஆகிய மூன்றும் இல்லாமல் வெளி மின்சாரத்தை உள்ளே விடவே கூடாது. ஆர்சிசிபியில் உள்ள சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள்.

தண்ணீருக்கு வருகிறேன். இங்கேயும் கதை அதுதான். வீட்டுக்குப் பைப் வேலை செய்பவரை அழைத்தால் சிபிவிசி என்ற கெட்டியான பிளாஸ்டிக் குழாயைப் பசை போட்டு ஒட்டிக்கொடுப்பார். அசையாத சுவருக்கு அது அருமையான வேலை. வேகத்தடைக்கு வேகத்தடை குலுங்கும் வண்டியில் ஒட்டுகள் ஒவ்வொன்றாக விரியும். வளைந்து கொடுக்கும் பெக்ஸ் என்ற பிளாஸ்டிக் குழாயும், அதற்கான இணைப்பிகளும் போடுங்கள். பம்ப்பின் இரு பக்கமும் ஒரு முழம் ரப்பர் குழாய் இருந்தால் அதிர்வு குழாய்வரிசைக்குப் போகாது, சத்தமும் குறையும். வீட்டு ஆர்ஓ கருவியின் பம்ப்பை இதற்குப் போட்டவர்களையும் பார்த்திருக்கிறேன். அவற்றில் பெரும்பாலானவை 24 வோல்ட். குழாயில் ஓட்டமாக நீர் வரும் அளவுக்கு இறைக்கவும் செய்யாது.

100 லிட்டர் தொட்டி என்றால் 100 கிலோ. அதைப் பின்பக்க ஓரத்தில் வைத்தால் வண்டியின் பின்புறம் அமுங்கி ஸ்டியரிங் லேசாகிவிடும். சக்கர அச்சுக்கு அருகில், தாழ்வாக, இரும்புப் பட்டையால் கட்டி வையுங்கள். வண்டியின் அமைப்பை மாற்றுவதற்கு 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவின்படி அனுமதி வேண்டும் என்பதையும் மறந்துவிடாதீர்கள்.

எல்லாக் குழாயும் மூடியிருக்க, நடுராத்திரியில் பம்ப் ஒரு நொடி ஓடி நிற்கிறதா? உடனே புதிய பம்ப் வாங்கிவிடாதீர்கள். பம்ப்புக்கு அடுத்தாற்போல் ஒரு வால்வு இருந்தால் அதை மூடுங்கள். மூடிய பிறகும் துடித்தால் பழுது பம்ப்புக்குள் இருக்கிறது. எங்கள் பகுதியைப் போல் ஆழ்துளைக் கிணற்று நீரை நிரப்புபவர்களுக்கு, உப்புப் படிந்து உள்வால்வு மூடாமல் இருப்பதே பெரும்பாலும் காரணம். துடிப்பு நின்றால் கசிவு குழாய்வரிசையில் இருக்கிறது. ஒவ்வொரு மூட்டிலும் உலர்ந்த டிஷ்யூ தாளைச் சுற்றிவிட்டுப் படுத்துவிடுங்கள். எங்கள் வண்டியில் சிங்க்குக்கு அடியில் சுற்றிய தாள் மட்டும் காலையில் ஒரு விரற்கடை அகலத்துக்கு நனைந்திருந்தது. கையால் தடவிப் பார்த்தபோது அங்கே ஈரமே தெரியவில்லை. பம்ப் நிற்காமல் ஓடி, நீர் விட்டுவிட்டுத் துப்பினால், தேட வேண்டியது நீர்க்கசிவை அல்ல, காற்றுக்கசிவை. தொட்டிக்கும் பம்ப்புக்கும் நடுவே இருக்கும் வடிகட்டியின் மூடியில் ரப்பர் வளையம் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள்.

தொட்டியைச் சுத்தம் செய்ய, 100 லிட்டர் நீருக்கு 5 சதவீத சோடியம் ஹைப்போகுளோரைட் 100 மில்லி போதும். வாசனை சேர்த்த பிளீச் வேண்டாம். கலந்த நீர் எல்லாக் குழாய்களிலும் வரும்வரை திறந்துவிட்டு, நான்கு மணி நேரம் ஊறவைத்து, வாசனை போகும்வரை நல்ல நீரால் அலசுங்கள். உப்புக்கறைக்கு வினிகர் விடுவதாக இருந்தால் அதை வேறொரு நாள் செய்யுங்கள். பிளீச்சும் அமிலமும் சேர்ந்தால் வரும் குளோரின் வாயு, ஜன்னல் மூடிய வண்டிக்குள் மூச்சையே அடைத்துவிடும்.