கத்திரி வெயிலில் மல்லிகைப் புதரை இடம் மாற்றுவது எப்படி?

மல்லிகையைப் பெயர்த்து நட ஏற்ற காலம் கார்த்திகைக் கடைசியும் மார்கழியும்தான். பூப்பு ஓய்ந்து, கவாத்து செய்கிற, அதாவது கிளைகளை வெட்டிவிடுகிற சமயம் அது. ஆனால் வைகாசி 21 வாஸ்து நாளில் பூமி பூஜை என்று முடிவாகிவிட்டால், பழைய வீட்டை இடிப்பதற்குள் செடியை எடுத்தாக வேண்டும். தண்டையார்பேட்டையில் என் மாமியார் வைத்த குண்டுமல்லியைச் சித்திரைக் கடைசியில்தான் எடுத்தேன். இப்போது திருவொற்றியூரில் கொழுந்தனார் வீட்டுச் சுவரோரம் செழிப்பாக நிற்கிறது.

இந்த வருடப் பூவை முதலில் மறந்துவிடுங்கள். மொட்டுகளையெல்லாம் பறித்துக் கட்டிச் சாமிக்குச் சாத்திவிட்டு, புதரை முழங்கால் உயரத்துக்கு வெட்டுங்கள். மிஞ்சிய இலைகளையும் பாதிக்கு மேல் கிள்ளிவிடுங்கள். பூக்கிற செடியை வெட்டலாமா என்று அக்கம்பக்கத்தார் பதறுவார்கள். வெட்டத்தான் வேண்டும். தோண்டும்போது நீரை உறிஞ்சும் நுனிவேர்களில் பெரும்பகுதி மண்ணோடு தங்கிவிடும். மேலே அத்தனை இலையும் இருந்தால், வேரால் கொடுக்க முடியாத தண்ணீரை வெயில் கேட்டுக்கொண்டே இருக்கும்.

நம் வடசென்னைப் பக்கத்து மண் பெரும்பாலும் மணல். தூக்கியதும் வேரை விட்டுப் பொலபொலவென்று உதிர்ந்துவிடும். அதனால் முந்தின இரவே நன்றாக ஊறவிடுங்கள். மறுநாள் வெயில் தாழ்ந்த பிறகு, தண்டிலிருந்து ஓர் அடி தள்ளிச் சுற்றிலும் பள்ளம் வெட்டி, அடிவேரைக் கத்தியால் சீராக அறுங்கள். கடப்பாரையால் நெம்பினால் வேர் நார்நாராகக் கிழியும். செடி குழியில் இருக்கும்போதே ஈரச் சணல் சாக்கை அடியில் செருகி, மண்கட்டியோடு இறுக்கிக் கட்டுங்கள். தூக்கும்போது சாக்கைப் பிடியுங்கள், தண்டைத் தொடாதீர்கள்.

புதுக் குழி முன்பே தயாராக இருக்கட்டும். அதில் ஒரு வாளி தண்ணீர் ஊற்றி, அது வற்றியதும் இறக்குங்கள். தண்டில் பழைய மண் மட்டத்தின் தடம் தெரியும். அதே அளவுக்குத்தான் புதைக்க வேண்டும். கயிற்றை அவிழ்த்தால் போதும், சணல் மக்கிவிடும்.

தண்ணீர் விஷயத்தில் சிக்கனம் பார்க்காதீர்கள். கடலோரத் தெருக்களில் போர் தண்ணீர் உப்பு. காயம்பட்ட வேருக்கு அது ஆகாது, இலை ஓரம் கருகும். மெட்ரோ தண்ணீரோ (குடிநீர் வாரியத் தண்ணீர்) அரிசி களைந்த நீரோ ஊற்றுங்கள். அதற்காகச் சேறாக்கிவிடவும் கூடாது. விரலை விட்டுப் பார்த்து, உள்ளே காய்ந்திருந்தால் மட்டும் ஊற்றுங்கள். மேற்கு வெயில் படாமல் பழைய பருத்திப் புடவையைக் கட்டிவிடுங்கள்.

மிச்ச இலையும் பழுத்து உதிரலாம். பயப்பட வேண்டாம். தண்டை நகத்தால் லேசாகச் சுரண்டினால் பச்சை தெரிகிறதா? உயிர் இருக்கிறது. தளிர் நன்றாக நீளும் வரை புண்ணாக்கு, உரம் எதுவும் வேண்டாம். அதன் பிறகு ஒரு பிடி மண்புழு உரம் போடலாம்.