சப்ஆக்ஸிபிட்டல் முக்கோணத்தை டிசெக்‌ஷன் செய்வது எப்படி

சப்ஆக்ஸிபிட்டல் முக்கோணம் என்பது பிடரியின் ஆழத்தில், மண்டையோட்டுக்குக் கீழே மூன்று தசைகளுக்கு நடுவே இருக்கும் இடம். கடாவரை, அதாவது டிசெக்‌ஷனுக்கான சடலத்தை, குப்புறப் போட்டு, மார்புக்கடியில் கட்டை வைத்து, தலையை முன்பக்கம் நன்றாக மடக்கிவிடுங்கள். கழுத்து மடங்காவிட்டால் அட்லஸுக்கும் (முதல் கழுத்தெலும்பு) மண்டையோட்டுக்கும் நடுவே வேலை செய்ய இடம் கிடைக்காது.

பின்மண்டைப் புடைப்பிலிருந்து 7-ஆம் கழுத்தெலும்பின் முள் வரை நடுக்கோட்டில் ஒரு வெட்டு. அதே புடைப்பிலிருந்து காதுக்குப் பின்னால் மாஸ்டாய்டு எலும்பு மேடு வரை இன்னொன்று. பிடரித் தோல் தடிமனானது, உரிக்க நேரம் பிடிக்கும். புடைப்புக்குப் பக்கவாட்டில் சுமார் 3 செ.மீ. தள்ளி கிரேட்டர் ஆக்ஸிபிட்டல் நரம்பு மேலே வரும். அதற்கு வெளிப்புறத்தில் ஆக்ஸிபிட்டல் தமனி. இரண்டையும் நூல் கட்டி அடையாளம் வைத்த பிறகே டிரபீசியஸ் தசையையும், அடுத்து ஸ்ப்ளீனியஸ் தசையையும் நடுக்கோட்டில் அறுத்து வெளிப்பக்கம் திருப்புங்கள்.

நரம்பு அறுபடுவது பெரும்பாலும் அடுத்த கட்டத்தில்தான். செமிஸ்பைனாலிஸ் காப்பிட்டிஸ் தசையைத் துளைத்துக்கொண்டுதான் கிரேட்டர் ஆக்ஸிபிட்டல் நரம்பு மேலே வருகிறது. துளைக்கும் இடத்தில் தசை இழைகளை நீளவாக்கில் பிளந்து நரம்பை விடுவித்துவிட்டு, தசையை மண்டையோட்டுக்கு அருகில் வெட்டிக் கீழே மடக்குங்கள்.

இப்போது தெரிவது கொழுப்பும் நார்த்திசுவும் சிரைப் பின்னலும் மட்டுமே. உடனே சுரண்ட ஆரம்பிக்காதீர்கள். முதலில் விரலால் எலும்பைத் தேடுங்கள். அட்லஸுக்கு முள் கிடையாது, சிறு முடிச்சுதான். ஆகவே நடுக்கோட்டில் மண்டையோட்டுக்குக் கீழே தட்டுப்படும் முதல் பெரிய, இரட்டை நுனி முள் ஆக்ஸிஸுடையது (இரண்டாம் கழுத்தெலும்பு). அங்கிருந்து அட்லஸின் பக்கநீட்சிக்குப் போகும் தசை ஆப்ளிக்வஸ் இன்ஃபீரியர். மேலே சாய்வாக மண்டையோட்டுக்கு ஏறுவது ரெக்டஸ் மேஜர். பக்கநீட்சியிலிருந்து மேலேறுவது ஆப்ளிக்வஸ் சுப்பீரியர். இந்த மூன்றும்தான் முக்கோணத்தின் எல்லைகள். ரெக்டஸ் மைனர் அட்லஸின் முடிச்சில் தொடங்கி உள்பக்கம் கிடப்பது. அதை மேஜர் என்று எடுத்துக்கொண்டால் முக்கோணமே இடம் மாறிவிடும்.

கிரேட்டர் ஆக்ஸிபிட்டல் நரம்பு ஆப்ளிக்வஸ் இன்ஃபீரியரின் கீழ்விளிம்பைச் சுற்றி வருகிறது. முக்கோணத்துக்குள் தேட வேண்டாம்.

உள்ளே ஸ்கால்பெல் கூடாது. மழுங்கிய ஃபோர்செப்ஸை மூடி நுழைத்து, திறந்து திசுவை விலக்குங்கள். சிரைகளை அகற்றிவிடலாம். தளத்தில் அட்லஸின் பின்வளைவும் அதன்மேல் குறுக்காகப் படுத்திருக்கும் வெர்டிப்ரல் தமனியும் தெரியும். சிலருக்குத் தமனி கிடக்கும் பள்ளத்தின்மேல் எலும்புப் பாலம் இருக்கும், அதை உடைக்காமல் விட்டுவைப்பது நல்லது. தமனிக்கும் வளைவுக்கும் இடையில் வெளிவரும் மெல்லிய இழைதான் சப்ஆக்ஸிபிட்டல் நரம்பு. அது கிடைக்காவிட்டால் முக்கோணத்தின் தசைகளுக்குள் நுழையும் கிளை ஒன்றைப் பிடித்துப் பின்னோக்கிப் போங்கள்.